ஒரு டேபிள் போதும்... கால் நகர இடம் வேண்டும்!

இந்த ஆண்டு நமது மாணவர் பேரவைக் கூட்டத்தில் விளையாட்டு நிதியைப் பற்றிப் பேச்சு வந்தது. "டி.டி. ரூமுக்கு இன்னொரு டேபிள் வாங்கலாம்" என்று செயலாளர் சொன்னதுதான் தாமதம், ஒரே கைதட்டல். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது ஏறக்குறைய எல்லாக் கையும் மேலே போனது. என் கை மட்டும் பெஞ்சின் மேலேயே கிடந்தது. பக்கத்தில் இருந்த நண்பன் இடுப்பில் இடித்தான். "ஏன்டா, மூணு வருஷமா சாயங்காலம் வரிசையில நின்னு காய்ஞ்சவன் நீ. உனக்கே வேண்டாமா?"

அப்போது எழுந்து பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நான். மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் கோபப்பட்டாலும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் சிவில் நண்பனிடம் டேப் இரவல் வாங்கிப் போய் நமது டி.டி. அறையை அளந்தேன். நீளம் 20 அடி. அகலம் 15 அடி. டேபிள் 9 அடிக்கு 5 அடி. அறையின் ஒரு கோடியில் கண்டம் செய்ய வேண்டிய பழைய டெஸ்க்குகளை, நான் முதலாண்டு சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன், மூன்று அடி ஆழத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆக டேபிளுக்கு முன்னும் பின்னும் மிச்சம் எட்டு அடி. அதில் ஜன்னல் பக்கம் ஐந்து, டெஸ்க் பக்கம் மூன்று. அதனால்தான் நம் ஆட்களில் டாஸ் ஜெயித்தவன் யாரும் சர்வீஸ் கேட்பதில்லை. "ஜன்னல் பக்கம்" என்பான். டெஸ்க் பக்கம் நிற்பவன் முழங்கை எத்தனை தடவை டெஸ்க் விளிம்பில் இடித்திருக்கிறது என்பதற்கு நம் கல்லூரியில் பாதிப் பேர் சாட்சி.

இப்போது இன்னொரு டேபிளைப் பக்கத்தில் போட்டால் என்ன ஆகும்? 15 அடியில் இரண்டு டேபிளுக்குப் பத்து அடி போய்விடும். மிச்சம் ஐந்து அடி. அது மூன்று இடைவெளியாகப் பிரியும். ஒரு இடைவெளி 1 அடி 8 அங்குலம். அதற்குள் நின்று விளையாடுவது இருக்கட்டும், ஒருவர் நேராக நடந்து போகவே முடியாது.

சர்வதேச விதிப்படி ஒரு டேபிளுக்கு ஆடுகளம் 14 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். நம் அடிக்கணக்கில் 46-க்கு 23. டேபிள் இருப்பதோ அதில் ஒரு மூலை அளவுக்குத்தான். மீதி எதற்கு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. பணக்காரர்கள் விளையாட்டு, அதனால் இடத்தை வீணடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நான் எப்படி இந்த ஆட்டத்துக்கு வந்தேன் என்று கொஞ்சம் சொல்கிறேன். என் அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். என் பள்ளியில் இருந்தது ஒரு மண் மைதானம். அதில் கபடி. டேபிள் டென்னிஸ் டேபிளை நான் நேரில் பார்த்ததே இந்தக் கல்லூரிக்கு வந்த பிறகுதான். பச்சைப் பலகைக்கு நடுவில் எதற்கு இத்தனூண்டு வலை என்று கேட்டு, சீனியர் அண்ணன்கள் ஒரு வாரம் என்னை ஓட்டினார்கள். ஓட்டட்டும். அந்த 'டொக் டொக்' சத்தம் எனக்குப் பிடித்துப்போனது. அன்றையிலிருந்து வரிசையில் நிற்கிறேன்.

முதல் வருடம் தோற்றுக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்திலேயே விளையாடி வந்தவர்கள் உறையிலிருந்து சொந்த பேட்டை உருவுவார்கள். அந்த பேட்டின் விலை அப்பாவின் ஒரு வாரக் கூலி. என் கையில் இருந்ததோ கல்லூரியின் பொது பேட், ரப்பர் வழுக்கிப்போய் ஓரம் பிய்ந்தது. நான் தோற்பதற்குக் காரணம் பேட்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். தீபாவளி லீவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்து, அந்தக் காசில் ஒரு நல்ல பேட் வாங்கினேன். அதற்குப் பிறகும் தோற்றேன். ஒரே வித்தியாசம், இப்போது குறை சொல்ல பேட் இல்லை.

போன வருடம் பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான மண்டலப் போட்டிக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். வேறொரு கல்லூரியின் பெரிய உள்ளரங்கம். எனக்கு எதிரே வந்தவன் ஒல்லியாக, என்னைவிட உயரம் குறைவாக இருந்தான். அவன் பேட்டின் ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். 11-4, 11-6, 11-5. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

தோற்றது பெரிய விஷயம் இல்லை. எப்படித் தோற்றேன் என்பதுதான் இன்று வரை உறுத்துகிறது. அவன் டாப் ஸ்பின் போட்டு நீளமாக என் டேபிளின் கடைசியில் விழும்படி அடிப்பான். பந்து குத்தி எகிறி என் வயிற்றைப் பார்த்து வரும். ஒரு எட்டு பின்னால் போயிருந்தால் அருமையான பந்து. நான் போகவில்லை. கையை மடக்கி, உடம்பை நெளித்து, ஏதோ கொசுவை விரட்டுவது போல எதையோ செய்தேன். இரண்டாவது கேம் முடிந்ததும் எங்கள் பி.டி. சார் பக்கத்தில் வந்து சொன்னார். "பின்னாடி சுவரே இல்லடா. எதுக்குடா ஒட்டிக்கிட்டு நிக்கிற?"

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பதினைந்து அடி வெறும் தரை. அதை நான் பார்க்கவே இல்லை. நம் அறையில் மூன்று அடிக்குள் நின்று நின்று, டெஸ்க் இல்லாத ஊரிலும் டெஸ்க் இருப்பதாக என் கால் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அறையை நான் காலிலேயே கட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் வெட்கத்தை விட்டு அந்தப் பையனிடமே போய், எப்படிப் பிராக்டிஸ் பண்ணுகிறாய் என்று கேட்டேன். அவன் பேச்சை வளர்க்கவில்லை. ஷூவைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். பெருவிரல் அடியில் உள்விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. குதிகால் மட்டும் புத்தம் புதுசு. என் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். சரியாகத் தலைகீழ். குதிகால் தேய்ந்திருந்தது, முன்பக்கம் கடையில் வாங்கியபடியே இருந்தது. நான் டேபிள் டென்னிஸ் விளையாடவில்லை, பஸ்ஸுக்கு நிற்பது போல நின்றிருக்கிறேன்.

அந்த லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் மார்க்கெட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டியில் தோற்றதைச் சொன்னேன். அவருக்கு அந்த ஆட்டம் தெரியாது. "அதுல என்னடா வருமானம்?" என்றார். பிறகு ஒரு மூட்டையை எடுக்கப் போகும்போது அவராகவே சொன்னார். "தூக்குறவன் கையைப் பாக்காத, காலைப் பாரு. கால் இடம் புடிச்சப்புறம்தான் மூட்டை தோளுக்கு ஏறணும். மூட்டை முந்துச்சுன்னா இடுப்பு போயிரும்." இதே விஷயத்தைத்தான் பி.டி. சார் ஒரு வருடமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்பா சொன்னபோதுதான் ஏறியது.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதை, தெரிந்தவரையில் சொல்கிறேன். என்னைவிட நன்றாக ஆடுபவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நிற்பது. கால்கள் இரண்டும் தோள் அகலத்தைவிடச் சற்று விலகி இருக்க வேண்டும். முட்டி மடங்கி, உடல் எடை முன்னங்காலில். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைக்கலாம் என்கிற அளவுக்கு லேசாக. வலது கைக்காரன் என்றால் வலது கால் அரை அடி பின்னால். இதைக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது கபடியில் ரெய்டு வருபவனைப் பிடிக்கக் காத்திருக்கும் நிலை! ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்த நிலை. டேபிளையும் வெள்ளைப் பந்தையும் பார்த்ததும், இது வேறு சாதி ஆட்டம் என்று நினைத்து முட்டியை நீட்டி நின்றுவிட்டேன். கிராமத்திலிருந்து வந்த தம்பிகளுக்குச் சொல்கிறேன், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.

அடுத்தது நகர்வது. பக்கவாட்டில் கொஞ்ச தூரம் போகக் காலைக் குறுக்கே போடக் கூடாது. இரண்டு காலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போக வேண்டும், தொடக் கூடாது. இதுதான் முக்கால்வாசி நேரம் தேவைப்படும். வலது கோடிக்கு வெகுதூரம் போகிற பந்துக்கு மட்டும் இடது காலை முன்னால் குறுக்கே வீசி எட்டலாம். வலைக்குப் பக்கத்தில் குட்டையாக விழும் பந்துக்கு வலது கால் டேபிளுக்கு அடியில் போக வேண்டும். நாம் கால் போகாமல் கையை மட்டும் நீட்டுகிறோம், பாதி உடம்பு டேபிள் மேல் படுத்துவிடுகிறது. போகிற காலுக்குச் சமமாகத் திரும்புகிற காலும் முக்கியம். நம் ஆட்களில் பலர் ஒரு நல்ல ஸ்மாஷ் அடித்துவிட்டு போட்டோவுக்கு நிற்பது போல அங்கேயே நிற்பார்கள். பந்து திரும்பி வந்தால் அவர்களுக்கு ஆச்சரியம்.

சரி, எங்கே திரும்புவது? 'நடுவுக்கு' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஓடி ஓடி நடுவில் நின்றேன். ஒருநாள் டிராயிங் வகுப்பில் ஷீட் மிச்சம் இருந்தது. 1:10 அளவில் டேபிளை வரைந்தேன். நீளம் 27.4 செ.மீ., அகலம் 15.25 செ.மீ. ஆடுபவர் இருவரும் வலது கைக்காரர்கள். நான் பந்தைக் குறுக்காக அவனது ஃபோர்ஹேண்ட் மூலைக்கு அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எதிரே இடது மூலை. அங்கிருந்து அவன் நேராக அடித்தால் என் இடது மூலைக்கு வரும். குறுக்காக அடித்தால் என் வலது பக்கக் கோட்டில், கடைசிக் கோட்டுக்கு 60 செ.மீ. முன்பாகவே குத்திவிட்டு வெளியே போய்விடலாம். இந்த இரண்டு கோட்டையும் இழுத்து நடுவில் கோண இருசமவெட்டி போட்டேன். டேபிளுக்கு 60 செ.மீ. பின்னால் அந்தக் கோடு வந்து விழுந்த இடம், நடுக்கோட்டுக்கு வலப்புறம் 3 செ.மீ. நிஜத்தில் அது ஒரு அடி!

அதாவது பந்தை நான் இடது பக்கம் அனுப்பினால், நான் நிற்க வேண்டியது வலது பக்கம் ஒரு அடி தள்ளி. நடு என்பது டேபிளின் நடு இல்லை. அவன் அடிக்கக்கூடிய கோணத்தின் நடு. அது ஒவ்வொரு பந்துக்கும் இடம் மாறும். அவன் டேபிளின் மத்தியிலிருந்து அடிக்கும்போதோ நான் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிற்க வேண்டும். ஏனென்றால் ஃபோர்ஹேண்ட் எட்டுகிற தூரம் பேக்ஹேண்டுக்கு எட்டாது. பத்தாம் வகுப்பில் எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமலே படித்த இருசமவெட்டிக்கு எனக்குக் கிடைத்த முதல் உபயோகம் இதுதான். (அந்த ஷீட்டுக்கு சார் கையெழுத்துப் போடவில்லை என்பது வேறு கதை.)

இன்னொரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் போகும். காற்றுத் தடையை விட்டுவிட்டால், அவன் பேட்டிலிருந்து என் பேட்டுக்கு உள்ள மூன்றரை மீட்டரைக் கால் நொடியில் கடந்துவிடும். கண்ணில் பட்டு மூளைக்குப் போய் கை கால் அசைய ஆரம்பிக்கவே மனிதனுக்கு ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது. மிச்சம் இருப்பது நொடியில் இருபதில் ஒரு பங்கு. அதற்குள் யார் ஓட முடியும்? யாராலும் முடியாது. அதனால்தான் முன்கூட்டியே சரியான இடத்தில் நிற்க வேண்டும், அவன் பேட் பந்தைத் தொடும் கணத்தில் கால் ஒரு சின்னத் துள்ளலில் இருக்க வேண்டும். அசைந்துகொண்டிருக்கும் காலைத் திருப்புவது சுலபம். ஊன்றிய காலைக் கிளப்புவதற்குள் பந்து போய்விடும்.

சாமர்த்தியசாலிகள் மூலைக்குக்கூட அடிக்க மாட்டார்கள். நம் பேட் பிடித்த கையின் முழங்கையைப் பார்த்து அடிப்பார்கள். அங்கே ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்ற குழப்பத்திலேயே பந்து போய்விடும். கையால் அதற்குப் பதிலே கிடையாது. இடது பக்கம் அரை அடி நகர்ந்தால் ஃபோர்ஹேண்ட், வலது பக்கம் நகர்ந்தால் பேக்ஹேண்ட். கால்தான் பதில்.

பெரிய ஆட்டக்காரர்களைப் பாருங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒற்றையர் தங்கம் வென்ற கொரியாவின் ரியூ சூங்-மின், பேனா பிடிப்பது போல பேட் பிடிப்பவர். பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்துகளையும் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டால் அடிப்பவர். பேட்டின் இரு பக்கத்தையும் பயன்படுத்தத் தெரிந்த சீனாவின் வாங் ஹாவோவை இறுதியில் 4-2 என்று வென்றார். கையில் இருந்த குறையைக் காலால் ஈடுகட்டினார் என்று நான் சொல்வேன். அதே போட்டியில் அரையிறுதியில் அவர் சந்தித்தது சுவீடனின் வால்ட்னரை. 1992 பார்சிலோனாவில் தங்கம் வென்றவர், ஏதென்ஸ் வரும்போது வயது 38. வால்ட்னர் ஓடுவதே தெரியாது, பந்து வரும் இடத்தில் முன்னாலேயே நிற்பார். ஒருவர் ஓட்டம், இன்னொருவர் நிற்கும் இடம். இரண்டும் காலின் படிப்புதான். அன்று ஜெயித்தது ஓட்டம். ஆனாலும் 38 வயதில் அரையிறுதி வரை ஒரு மனிதரைக் கொண்டுவந்தது எது என்று யோசித்துப் பாருங்கள்.

வயது என்றதும் நம் சென்னையில் வளர்ந்த சரத் கமலைச் சொல்ல வேண்டும். 2006-இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். பதினாறு ஆண்டு கழித்து 2022-இல் பர்மிங்ஹாமில், 40 வயதில் மறுபடியும் அதே ஒற்றையர் தங்கம். 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த போட்டியோடு ஓய்வு பெற்றார். 2000-இலிருந்து விளையாட்டே மாறிப்போனது. பந்து 2000-இல் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2001-இல் 21 புள்ளி 11 ஆனது. 2014-இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. பந்தின் வேகமும் சுழற்சியும் கொஞ்சம் குறைந்தன. ஒரே ஒரு சாமர்த்தியமான அடியில் புள்ளியை முடிப்பது முன்பு போல் சுலபமில்லை. இன்னொரு பந்து திரும்பி வரும், அதற்கும் போக வேண்டும்.

இவருக்கெல்லாம் முன்னால் சென்னையில் சந்திரசேகர் என்று ஒருவர் இருந்தார். மூன்று முறை தேசிய சாம்பியன். 1984-இல் முழங்காலில் செய்த ஒரு அறுவை சிகிச்சை விபரீதமாகி, நடையும் பார்வையும் பாதிக்கப்பட்டன. அவர் ஆடும் காலம் அதோடு முடிந்தது. நீதிமன்றம் போய் நஷ்ட ஈடு பெற்றார், பிறகு பயிற்சியாளராகிப் பல வருடம் அடுத்த தலைமுறையை உருவாக்கினார். 2021-இல் கொரோனாவில் காலமானார். கால் இல்லாமல் கையால் மட்டும் என்ன செய்ய முடியும் என்று அவரைப் பற்றி முதலில் கேள்விப்பட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி நம் அறைக்கு வருகிறேன். "நீ சொல்றதெல்லாம் சரி, ஆனா வரிசை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த வரிசையில் நானும் நின்றவன். நாலரையிலிருந்து ஆறரை வரை இரண்டு மணி நேரம். மூன்று கேம் ஒற்றையர் ஒரு கால் மணி நேரம் என்றால் எட்டு ஆட்டம், பதினாறு பேர். நாற்பது பேர் வருகிறோம். இருபத்து நாலு பேர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறோம். அதனால் இன்னொரு டேபிள் கேட்கத் தோன்றுவதில் தப்பே இல்லை.

ஆனால் இரட்டையர் ஆடினால் அதே எட்டு ஆட்டத்தில் முப்பத்திரண்டு பேர் ஆடலாமே! இரட்டையரில் ஒருவர் மாற்றி ஒருவர்தான் அடிக்க வேண்டும் என்பது விதி. அடித்தவன் உடனே விலகி வழி விட்டே ஆக வேண்டும். ஃபுட்வொர்க் கற்றுக்கொள்ள இதைவிடப் பெரிய வாத்தியார் கிடையாது. நாம் ஏன் இரட்டையர் ஆடுவதில்லை? டெஸ்க் பக்கம் மூன்று அடியில் இரண்டு பேர் நின்றால் ஒருவன் கால் மேல் ஒருவன் கால். இடம் இல்லாததால் இரட்டையர் இல்லை, இரட்டையர் இல்லாததால் வரிசை, வரிசை இருப்பதால் இன்னொரு டேபிள், இன்னொரு டேபிளால் இருக்கிற இடமும் போகும். சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்கிறோம்.

மாணவிகள் விஷயமும் இதில் இருக்கிறது. இதை நானாக யோசிக்கவில்லை, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். வாரம் இரண்டு நாள் மதிய இடைவேளை அவர்களுக்கு என்று போர்டில் எழுதியிருக்கிறது. "எழுதியிருக்கு சரி. வாசல்ல பத்து பேர் நின்னுக்கிட்டு எட்டிப் பாத்தா அந்தச் சந்துக்குள்ள எப்படி ஆடுறது? பந்து பொறுக்கக் குனியக்கூட இடம் இல்ல" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பத்து பேரில் ஒருவனாக நானும் ஒருநாள் நின்றிருக்கிறேன்.

எனவே பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். இரண்டாவது டேபிளுக்கு வைத்திருக்கும் பணத்தை இந்த வருடம் தொடாதீர்கள். முதலில் அந்த டெஸ்க்குகள் வெளியே போக வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை, ஒரு கடிதமும் ஒரு கையெழுத்தும் போதும். கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்று மூன்று வருடமாக ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள், அது வேறு. டெஸ்க் போனால் இரு பக்கமும் ஐந்தரை அடி கிடைக்கும், பக்கவாட்டில் ஐந்து ஐந்து அடி. உலகத் தரம் இல்லைதான், ஆனால் ஒரு மனிதன் பின்னால் ஒரு எட்டு வைக்கலாம்.

பணத்தில் செய்ய வேண்டியது தரை. ஜன்னல் பக்கம் சிமெண்ட் பெயர்ந்து குழியாக இருக்கிறது, தூசி வேறு. போன மாதம் அங்கே வழுக்கி ஒரு ஜூனியருக்குக் கணுக்கால் வீங்கிப்போனது. அதைப் பூசிச் சமப்படுத்தலாம். வாசலில் ஈரச் சாக்கு ஒன்று போட்டால் ஷூ அடிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரலாம், வழுக்காது. ஹவாய் செருப்போடு ஆடுவதை விட்டுவிட வேண்டும், அது கழன்று பறந்து எதிராளி மேல் விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். ஷூ வாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், நானும் முதல் வருடம் அப்படித்தான். கல்லூரி அணிக்குத் தேர்வாகிறவர்களுக்காவது ஷூ வாங்கித் தரலாம். இன்னும் காசு மிஞ்சினால் ஸ்கிப்பிங் கயிறு பத்து.

கயிறு எதற்கு என்றால், வரிசையில் நிற்பவன் கால் ஏன் சும்மா நிற்க வேண்டும்? வெளியே வராந்தாவில் டேபிளின் அகலமான ஐந்து அடிக்கு இரண்டு சாக்பீஸ் கோடு போடுங்கள். பந்தும் வேண்டாம், டேபிளும் வேண்டாம். முட்டியை மடக்கி அந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் பக்கவாட்டில் முப்பது நொடி போய்வர வேண்டும், முப்பது நொடி ஓய்வு, இப்படிப் பத்து தடவை. போட்டியில் தோற்று வந்த பிறகு நான் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நாலு மாதம் இதைச் செய்தேன். முதல் வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை. பசங்கள், "மச்சான் என்னடா நண்டு மாதிரி நடக்குற" என்றார்கள். மூன்றாவது மாதம் ஜன்னல் பக்கம் நின்று ஆடியபோது, உறையிலிருந்து பேட் உருவுகிறவர்களில் இரண்டு பேரிடம் முதன்முறையாக ஜெயித்தேன். டெஸ்க் பக்கம் நின்றால் இன்றைக்கும் தோற்கிறேன். மொட்டை மாடியில் கற்றுக்கொண்டது அந்த மூன்று அடிக்குள் வெளியே வர மாட்டேன் என்கிறது.

என்றைக்காவது நம் கல்லூரிக்குப் பெரிய ஹால் ஒன்று கிடைத்தால் இரண்டாவது டேபிள் என்ன, நாலாவது டேபிளுக்கும் நானே முதல் ஆளாகக் கை தூக்குவேன். அதுவரை நான் இங்கே இருக்க மாட்டேன். இந்த ஏப்ரலோடு எனக்கு ஃபைனல் இயர் முடிகிறது. டெஸ்க்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எனக்கு லாபமோ நஷ்டமோ இல்லை. ஆனால் ஜூனில் ஏதாவது ஒரு ஊரிலிருந்து, கபடி ஆடிப் பழகிய ஒரு தம்பி வருவான். அவனை அந்த மூன்று அடிக்குள் நிறுத்தி வைத்து, "உனக்குக் கை சரியில்லடா" என்று சொல்லிவிடக் கூடாது.

டெஸ்க் தூக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் ஹாஸ்டலிலிருந்து எட்டுப் பேர் வருகிறோம், சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் போதும். எப்படித் தூக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். செயலாளர் அண்ணன் அறைச் சாவியையும், டெஸ்க்கை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒரு அனுமதிக் கடிதத்தையும் மட்டும் வாங்கி வைக்கட்டும்.

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்